ஃபெல்கோ 2 கவாத்துக் கத்தரி: இளம் பழமரத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்ட இது சரிப்படுமா?

கவாத்துக் கத்தரி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு தடிமனான கிளை வரை வெட்டும் என்பதைத்தான். அட்டையிலும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். இளம் பழமரத்தை ஆழமாகக் கவாத்து செய்து, அடியிலிருந்தே கிளை பிரிந்து புதராகத் தழைக்க வைக்கும் வேலைக்கு அந்த எண் கிட்டத்தட்ட உதவாது. நட்டு ஒன்றிரண்டு வருடமான கன்றின் தண்டு பெரும்பாலும் பெருவிரல் தடிமன்தான் இருக்கும், அதை எந்தக் கத்தரியும் துண்டாக்கிவிடும். துண்டான பிறகு மரத்தோடு மிஞ்சி நிற்கும் பாதி எப்படி இருக்கிறது, பட்டை கிழிந்ததா, தண்டு நசுங்கியதா, மொட்டுக்கு மேலே எந்த இடத்தில் வெட்ட நினைத்தோமோ அதே இடத்தில் வெட்டு விழுந்ததா, இதை வைத்துத்தான் நான் ஒரு கத்தரியை எடைபோடுவேன். அந்தக் கணக்கில் ஃபெல்கோ 2க்கு நல்ல மதிப்பெண் போடுகிறேன். எல்லாரும் வாங்கியே ஆக வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஃபெல்கோ என்பது 1945ல் ஃபெலிக்ஸ் ஃப்ளிஷ் என்பவர் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய நிறுவனம். இந்த 2ஆம் எண் மாடல் அடுத்த சில வருடங்களிலேயே வந்துவிட்டது, இன்றும் அடிப்படை வடிவம் பெரிதாக மாறாமல் விற்கிறது. சிவப்புப் பூச்சு போட்ட அலுமினியக் கைப்பிடி, கழற்றி மாற்றக்கூடிய எஃகுக் கத்தி, நீளம் 21 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை சுமார் 240 கிராம், 25 மில்லிமீட்டர் வரை வெட்டும் என்று கணக்கு. இது பைபாஸ் வகை, அதாவது கூரான கத்தி ஒன்று, கூரில்லாத கொக்கி போன்ற தாடை ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று உரசியபடி தாண்டிப் போகும். இன்னொரு வகை ஆன்வில், அதில் கத்தி ஒரு தட்டையான உலோகப் பட்டையின்மேல் வந்து இறங்கும். காய்ந்த குச்சிகளை ஒடிக்க ஆன்வில் நல்லது, கையும் குறைவாகத்தான் வலிக்கும். பச்சைத் தண்டை வெட்ட அதைக் கொண்டு வந்தால் தட்டையான பக்கத்தில் பட்டை நசுங்குவதைத் தவிர்க்க முடியாது. பழக்கன்றுக்கு ஆன்வில் வேண்டவே வேண்டாம் என்பேன், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

நசுங்கினால் என்ன, மரம்தானே, தேறிவிடாதா என்று கேட்கலாம். வளர்ந்த மரத்தின் ஓரக்கிளை என்றால் தேறிவிடும். இங்கே நாம் வெட்டுவது கன்றின் ஒரே தண்டை. நம்பியிருப்பதோ வெட்டுக்குக் கீழே இருக்கும் மூன்று நான்கு மொட்டுகளை மட்டும். மேல் மொட்டுக்குச் சற்று மேலே பட்டை நசுங்கி, அங்கிருந்து தண்டு கருகிக் கீழே இறங்க ஆரம்பித்தால் முதலில் போவது அந்த மேல் மொட்டு, அப்புறம் அதற்கு அடுத்தது. அடியில் ஒட்டுப் பகுதி (நல்ல ரகத்தை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டிய இடம்) வரை மிஞ்சி இருப்பதே ஓரிரு சாண் தண்டுதான் என்னும்போது இரண்டு மொட்டு போவது சின்ன நஷ்டம் இல்லை.

ஆழமான கவாத்து ஏன் வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட்டால் கத்தரியிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். நுனியில் இருக்கும் குருத்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளை உண்டாக்கிக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும், அது ஓடிக்கொண்டிருக்கும் வரை தண்டின் பக்கவாட்டு மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். 1930களில் திமன், ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவரை வகைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனியே இல்லாத செடியிலும் பக்க மொட்டுகள் கிளம்பவில்லை. ரொம்ப காலம் இதுதான் முழு விளக்கம் என்று இருந்தது. 2014ல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொரு கண்ணியைச் சேர்த்தது: நுனி போனதும் அது இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது, மொட்டை முதலில் எழுப்புவது அந்தச் சர்க்கரைதான் என்று. தோட்டக்காரருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. தண்டிலும் வேரிலும் சேமிப்பு உள்ள, நன்றாக வேர் பிடித்த கன்றை வெட்டினால்தான் மொட்டுகள் வேகமாக வெடித்துக் கிளம்பும். தொட்டியிலிருந்து நேற்று பிடுங்கி நட்ட, இலை வாடி நிற்கும் கன்றை வெட்டினால் மாதக்கணக்கில் குச்சியாகவே நிற்கும். அதற்கு எந்தக் கத்தரியும் பொறுப்பில்லை. குளிர் நாடுகளில் இலை உதிர்ந்து உறக்கத்தில் இருக்கும் வெறும் வேர்க் கன்றுகளை நட்ட உடனேயே வெட்டுவார்கள், அது வேறு கதை, அந்தக் கன்றுக்கு அப்போது வாடுவதற்கு இலையே கிடையாது, தோண்டி எடுக்கும்போது வேரிலும் பாதி போயிருக்கும்.

சரி, வெட்டும் இடம். ஆப்பிள், பேரி போன்றவற்றில் மொட்டுகள் தண்டில் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தனித்தனியாக இருக்கும், எந்த மொட்டுக்கு மேலே வெட்டுகிறோமோ அதுதான் பெரும்பாலும் முதல் கிளையாகப் போகிறது. மொட்டுக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக இருக்கும்படி வெட்ட வேண்டும். அதைவிட ஒட்டி வெட்டினால் மொட்டு காய்ந்துவிடும், அதைவிட மேலே வெட்டினால் மிஞ்சிய குச்சித்துண்டு காய்ந்து, அழுகல் உள்ளே இறங்க வழியாகிவிடும். இந்த அரை சென்டிமீட்டரில்தான் ஃபெல்கோ 2 தன் வேலையைக் காட்டுகிறது. கத்தி ஒடுக்கமாக இருப்பதால், இரண்டு கிளைகளுக்கு நடுவே கவையில்கூட நுழைத்து, கத்தியை மரத்தில் தங்கும் தண்டோடு ஒட்டி வைக்க முடிகிறது. மூடும்போது கத்தியும் தாடையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதில்லை. நடு ஆணியில் பல்சக்கரம் போன்ற ஒரு நட்டு இருக்கிறது, அதை வைத்து இரண்டுக்கும் உள்ள நெருக்கத்தை நூல் நூலாகச் சரிசெய்துகொள்ளலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது எந்த பைபாஸ் கத்தரிக்கும் பொருந்தும். கொக்கித் தாடை படும் பக்கம் எப்போதும் கொஞ்சம் நசுங்கும். எனவே கத்தி மரத்தோடு தங்கும் பக்கமும், கொக்கி கீழே விழப்போகும் துண்டின் பக்கமும் இருக்க வேண்டும். கன்றின் நுனியை வெட்டும்போது கத்தி கீழே, கொக்கி மேலே. கத்தரியைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருக்கும், முதலில் கைக்குப் பிடிபடாது. ஃபெல்கோவை இப்படித் திருப்பிப் பிடித்தாலும் கைப்பிடி உறுத்தவில்லை, இரண்டு பிடிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான வளைவு என்பதால். வேறு சில கத்தரிகளில் விரலுக்கென்று பள்ளம் வைத்து அழகாகச் செதுக்கியிருப்பார்கள், நேராகப் பிடித்தால் சொகுசு, திருப்பினால் அதே பள்ளம் உள்ளங்கையைக் குத்தும்.

இதே சிவப்பு நிறத்தில், இதே தோற்றத்தில் விற்கும் மலிவான நகல் ஒன்றையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், யார் செய்தது என்பது வேண்டாம். புதிதாக இருக்கும்போது காகிதத்தைக்கூட வெட்டியது. கொஞ்சம் உழைத்த பிறகு நடு ஆணியில் ஆட்டம் வந்துவிட்டது, மெல்லிய பச்சைத் தண்டு கத்திக்கும் தாடைக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது. இழுத்தால் நாக்கு மாதிரி ஒரு பட்டைத்துண்டு உரிந்துகொண்டு கீழே வரும். தடித்த கிளையை அதே கத்தரி ஒழுங்காக வெட்டியது என்பதுதான் வேடிக்கை. மெல்லிய இளந்தண்டுதான் கத்தரிக்கு உண்மையான சோதனை என்று நான் சொல்வது இதனால்தான். கடையில் வாங்குமுன் ஒரு ஒற்றைக் காகிதத்தைக் கத்தியின் அடியிலிருந்து நுனி வரை வெட்டிப் பாருங்கள், எங்காவது மடிந்து நழுவினால் அந்தக் கத்தரி கன்றுக்கு ஆகாது.

மாமரத்தில் வெட்டும் இடம் வேறு மாதிரி. மா விட்டு விட்டுத் துளிர்க்கும், ஒவ்வொரு துளிர்ப்பும் முடிந்த இடத்தில் கணுக்கள் நெருங்கி ஒரு வளையம்போலத் தெரியும். அந்த வளையத்துக்குச் சற்று மேலே வெட்டினால் ஒரே இடத்திலிருந்து கொத்தாக ஏழெட்டுத் தளிர் கிளம்பும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே புள்ளியில் பிடித்திருப்பதால் பின்னாளில் காய்ப் பாரத்தில் கிழியும். வளையத்துக்குக் கீழே வெட்டினால் மொட்டுகள் தள்ளித்தள்ளி இருப்பதால் மூன்று நான்கு தளிர் இடைவெளி விட்டு வரும், நமக்கு வேண்டியது அதுதான். நெருக்கி நடும் மாந்தோப்புகளில் முதல் வெட்டை 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் வைப்பது வழக்கம், வரும் தளிர்களில் மூன்று நான்கை மட்டும் விட்டு, அவை முற்றிய பிறகு மறுபடியும் நுனி வெட்டுவார்கள். மாவின் பூ, முற்றிய கிளையின் நுனியில்தான் வரும். நுனி எத்தனை இருக்கிறதோ அத்தனை இடத்தில் பூக்க வாய்ப்பு, ஒற்றைத் தண்டாக உயரும் கன்றுக்கு ஒரே நுனிதான்.

மாம்பாலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெட்டியதும் பீய்ச்சும் அந்தப் பால் சிலருக்குத் தோலை வேகவைத்துவிடும். அத்தியின் பால் பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்கும் பால் ஆகாது, காய்ந்து பிசினாகிக் கத்தியை ஒட்ட வைக்கும். ஃபெல்கோவின் கொக்கித் தாடையில் பால் வழிந்து ஓட ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். அது கொஞ்சம் உதவுகிறது, முழுத் தீர்வு என்று நினைத்துவிடாதீர்கள். நாலைந்து மாங்கன்று வெட்டியதும் எப்படியும் துடைத்தாக வேண்டும்.

கொய்யாதான் ஆழமான கவாத்துக்கு எல்லாரையும்விட நன்றி காட்டும் மரம். இலைகள் எதிரெதிராக இருப்பதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டு, எங்கே வெட்டினாலும் குறைந்தது இரண்டு தளிர் எதிரெதிரே வந்துவிடும். புதிதாக வரும் துளிரிலேயே பூப்பதால் வெட்டிய பிறகு காய்க்கக் காத்திருக்கும் காலமும் குறைவு. ஆழமாக வெட்டிப் பழக நினைக்கிறவர்கள் கொய்யாவில் ஆரம்பிக்கலாம், தப்பாக வெட்டினாலும் மன்னித்துவிடும். கொய்யாவில் மொட்டைக் குறிவைத்துச் சரிவாக வெட்டத் தேவையில்லை, கணுவுக்குச் சற்று மேலே நேராகவே வெட்டிவிடலாம்.

சீத்தா ஒரு விசித்திரம். அதன் மொட்டு இலைக்காம்பின் அடியில் மூடிக் கிடக்கும், வெளியே தெரியாது. நுனியை வெட்டிவிட்டு இலைகளை அப்படியே விட்டால் மொட்டு எழும்பத் தாமதமாகும். வெட்டுக்குக் கீழே எந்தக் கணுக்களில் கிளை வேண்டுமோ அங்கே மட்டும் இலையைக் காம்போடு நீக்கிவிட்டால் அடியிலிருந்து மொட்டு வெளிப்பட்டுத் துளிர்க்கும். நமக்கு வேண்டிய திசையில் கிளையை வரவழைக்க இவ்வளவு வசதியான மரம் வேறு இல்லை. காம்பை நீக்கக் கத்தரியின் நுனி போதும், கையால் பிய்த்தால் சில சமயம் மொட்டும் சேர்ந்து வந்துவிடும். ஃபெல்கோ 2ன் நுனி இதற்குக் கொஞ்சம் மொத்தைதான். திராட்சைக் குலை வெட்டும் ஊசிமுனைக் கத்தரி இருந்தால் அதை எடுங்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் கை வைக்கவே நான் தயங்குவேன். அவை தாமாகவே புதராகும் மரங்கள், இலையில்தான் சேமிப்பை அதிகம் வைத்திருக்கும், ஆழமாக வெட்டினால் சில காலத்துக்கு முள் நிறைந்த கொழுத்த நேர்க்குருத்துகள்தான் கிடைக்கும். ஒற்றைக் குச்சியாக வந்த கன்று என்றால் ஒரு முறை நுனி வெட்டலாம், அவ்வளவே.

எந்த மரமானாலும் ஒட்டுக்கன்று என்றால் வெட்டு ஒட்டுப் பகுதிக்கு மேலே தாராளமாகத் தள்ளி இருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் ஆழமாக வெட்டிய பிறகு வேர்ச்செடியும் உற்சாகமாகித் தளிர் விடும், அது ஒட்டுக்குக் கீழிருந்து வருகிறது என்று கவனிக்காமல் ஆசையாக வளர்த்து, கடைசியில் வேறு ஏதோ பழம் காய்த்து நிற்பதைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். கீழே வருவதையெல்லாம் குருத்தாக இருக்கும்போதே கையால் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

எவ்வளவு ஆழம் என்பதில்தான் சண்டை அதிகம். நுனியில் லேசாக ஒரு சாண் வெட்டினால் வெட்டுக்குச் சற்றுக் கீழே மட்டும் நாலைந்து கிளை வரும், அடித்தண்டு மொட்டையாகவே இருக்கும், இப்போது இருக்கும் உயரத்திலேயே குடை விரிந்துவிடும். பாதிக்கு மேல் வெட்டினால் வருகிற தளிர்கள் அடியிலிருந்து வீரியமாக வரும். ஏணி இல்லாமல் பறிக்கும் மரம் வேண்டும் என்றால் முதல் கவை முழங்கால் முதல் இடுப்பு உயரத்துக்குள் இருக்க வேண்டும், பிறகு அதை மாற்றவே முடியாது, தண்டில் ஒரு கிளை எந்த உயரத்தில் பிரிந்ததோ அது மரத்தின் ஆயுள் முழுக்க அதே உயரத்தில்தான் இருக்கும். மரம் வளரும்போது கவையும் சேர்ந்து மேலே போகும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. வெட்டிய மரம் வீரியமாகத் துளிர்ப்பதைப் பார்த்து, வெட்டியதால் மரம் அதிகமாக வளர்கிறது என்று நினைக்கத் தோன்றும். தளிர் ஒவ்வொன்றும் வேகமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டாமல் விட்ட கன்றோடு மொத்தமாக ஒப்பிட்டால் வெட்டிய கன்று தண்டிலும் வேரிலும் பின்தங்கியே இருக்கும், இழந்த இலைக்கும் மரத்துக்கும் கணக்கு தீர வேண்டுமே. ஆப்பிள், பேரி, மா போன்றவற்றில் முதல் காய்ப்பு தள்ளிப்போகலாம். குட்டையான, வலுவான கட்டமைப்புக்காக அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த வருடமே பழம் வேண்டும் என்று அவசரப்படுபவர் ஆழமாக வெட்ட வேண்டாம், கிளையை வளைத்துக் கட்டுவது அவருக்கு நல்ல வழி.

எப்போது வெட்டுவது என்பது மரத்தைப் பொறுத்தது. ஆப்பிளும் பேரியும் இலை உதிர்த்து உறங்கும்போது. பிளம், செர்ரி போன்ற கல்விதைப் பழங்களைக் குளிர், ஈரப் பருவத்தில் வெட்டினால் வெள்ளியிலை நோயும் பாக்டீரியாப் புண்ணும் வெட்டுக்காயம் வழியாக நுழையும், அவற்றைத் துளிர்விடும்போதோ வெயில் காலத்திலோ உலர்ந்த நாள் பார்த்து வெட்ட வேண்டும். வெப்ப நாட்டு மரங்களுக்கு அடுத்த துளிர்ப்புக்குச் சற்று முன்னால், விடாத மழை இல்லாத நாளில்.

வெட்டிய இடத்தில் என்ன பூசுவது? பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். மரம் காயத்தை நம் தோல்போல ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவிடுகிறது, மேலே புதிய மரம் வளர்ந்து மூடுகிறது. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வன ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து 1970களில் இதை விளக்கினார், காயப் பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்றும் காட்டினார். சுத்தமான வெட்டுதான் மருந்து. அதைவிட அவசியமான பூச்சு வேறொன்று இருக்கிறது: நிழல் போய் நேர் வெயிலில் நிற்கும் இளந்தண்டின் பட்டை வெந்து வெடிக்கும், அதற்குச் சுண்ணாம்போ, தண்ணீர் கலந்த வெள்ளை நிறத் தண்ணீர்ப் பெயிண்டோ தண்டில் அடித்துவிடுங்கள்.

கத்தரிக்குத் திரும்புவோம், குறைகள் இருக்கின்றன. முதலாவது அளவு. இது பெரிய கைக்காகச் செய்தது. சின்னக் கை உள்ளவர்கள் முழுதாகத் திறந்தால் விரல்கள் கைப்பிடியின் நுனியை எட்டிப் பிடிக்கத் தடுமாறும், நிறைய வெட்டினால் கட்டைவிரல் அடியில் வலிக்கும். அவர்களுக்காக நிறுவனமே 6ஆம் எண் என்று சின்ன மாடல் வைத்திருக்கிறது, இளங்கன்றுக்கு அது வெட்டும் தடிமனே ஏராளம். உண்மையில், கன்றுகள் மட்டும்தான் வெட்டப் போகிறேன் என்பவருக்குப் பெரிய கை இருந்தாலும் 6ஐயே சொல்வேன். இடக்கைக்காரர்கள் 2ஐ வாங்கவே கூடாது, கத்தி தப்பான பக்கத்தில் இருக்கும், வெட்டும் இடமும் கண்ணுக்கு மறையும், அவர்களுக்கு 9.

இரண்டாவது, கத்தி துருப்பிடிக்காத எஃகு இல்லை. கூர் நன்றாக நிற்பதற்குக் கொடுக்கும் விலை அது. ஈரத்தோடு போட்டால் மறுநாள் பழுப்பாகிவிடும். மூன்றாவது, 25 மில்லிமீட்டர் என்ற எண்ணை நம்பி அந்தத் தடிமனில் முற்றிய கொய்யாக் கிளையை வெட்டப் போகாதீர்கள். நசுக்கிப் பிழிந்து, கத்தரியைப் பக்கவாட்டில் ஆட்டி வெட்ட வேண்டியிருக்கும், அப்படி ஆட்டுவதுதான் எந்தக் கத்தரியையும் கெடுக்கும் முதல் காரணம். என் கணக்கில் பச்சைத் தண்டில் 20 மில்லிமீட்டர் வரை சுகமான வெட்டு, அதற்கு மேல் மடிப்பு ரம்பம். கன்றை முதல் வருடமே வெட்டினால் இந்தக் கேள்வியே வராது, மூன்று வருடம் தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் ரம்பம் தேவைப்படுகிறது.

பூட்டு, கட்டைவிரலால் தள்ளும் சின்ன நெம்பு. கையுறையோடும் தள்ள முடிகிறது. மூடும்போது கைப்பிடிகள் மோதும் இடத்தில் சின்ன ரப்பர் வைத்திருக்கிறார்கள், நாள் முழுக்க வெட்டுபவர்களுக்கு மணிக்கட்டில் வித்தியாசம் தெரியும். கன்றைக் கட்டிய கம்பியை வெட்ட கத்தியின் அடியில் ஒரு வெட்டுவாய் இருக்கிறது. நல்ல யோசனை, மெல்லிய கம்பியோடு நிறுத்திக்கொண்டால்.

பராமரிப்புதான் எனக்கு இந்தக் கத்தரியில் ரொம்பப் பிடித்தது. கத்தி, சுருள்வில், ஆணி, ரப்பர், தாடை எல்லாமே தனித்தனியாகக் கழன்று வரும், உதிரியாகவும் கிடைக்கும். பிசினை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும்போது 70 சதவீத ஆல்கஹாலால் கத்தியைத் துடைத்தால் நோய் பரவுவது குறையும், வெளுப்பான் கரைசல் உலோகத்தை அரிக்கும் என்பதால் அது வேண்டாம். சாணை பிடிக்கும்போது கத்தியின் சரிவான பக்கத்தை மட்டும் 20 முதல் 25 பாகைக் கோணத்தில், ஏற்கனவே இருக்கும் சரிவைப் பின்பற்றித் தேய்க்க வேண்டும். தட்டைப் பக்கத்தில் கல்லைப் படுக்க வைத்து ஒரு இழுப்பு, பிசிறு போக மட்டும். தட்டைப் பக்கத்தையும் சரிவாக்கிவிட்டால் கத்திக்கும் தாடைக்கும் நடுவே இடைவெளி வந்து, நான் மேலே சொன்ன நகலின் நிலைக்கு இதுவும் வந்துவிடும். கடைசியாக நடு ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய்.

துளிர் வந்த பிறகு செய்யும் வேலைக்குக் கத்தரி அவ்வளவாகத் தேவைப்படாது. விரல் நீளத் தளிர்களில் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு திசையில் போகும் மூன்று நான்கை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினால் போதும். தண்டோடு ஒட்டி நேரே மேலே போகும் தளிரை விடாதீர்கள், அந்த இடுக்கில் பட்டை உள்ளே மாட்டிக்கொண்டு கவை பலமில்லாமல் போகும். தண்டிலிருந்து நன்றாக விலகி நிற்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இளசாக இருக்கும்போதே ஒரு துணிக் கவ்வியை மாட்டி விலக்கி வையுங்கள். இந்தக் கிளைகள் மறுபடி கை நீளம் வளர்ந்து முற்றும்போது இரண்டாவது வெட்டு, அப்போது கத்தரி மறுபடி வெளியே வரும்.

யார் வாங்கலாம்? பத்து மரத்துக்கு மேல் வைத்திருப்பவர், வருடா வருடம் கவாத்து செய்பவர், கூர் தீட்டச் சலிக்காதவர், யோசிக்க வேண்டாம். வாசலில் ஒரு மாவும் ஒரு கொய்யாவும்தான் என்றால் இவ்வளவு விலையுள்ள கத்தரி தேவையில்லை, ஆட்டமில்லாத சாதாரண பைபாஸ் கத்தரி ஒன்றைக் கூராக வைத்துக்கொண்டாலே இரண்டு கன்றுக்கும் நல்ல வெட்டு கிடைக்கும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் சரி, கன்றில் வைப்பதற்கு முன்னால் அந்தக் காகிதச் சோதனையைச் செய்துவிடுங்கள், கத்தியையும் ஒரு முறை ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், அது கடைசியாக எந்த மரத்தை வெட்டியது என்று நமக்குத் தெரியாது.